பிளக்கைப் பிடுங்கியது யார்

"நடு ரோட்ல நின்னுட்டா என்ன பண்ணுவீங்க?"

ஐந்து வருடங்களாக இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பால் பாக்கெட் வாங்கப் போனால் கடைக்காரர் கேட்கிறார். கல்யாணப் பந்தியில் சாம்பார் ஊற்றுகிறவர் கேட்கிறார். பெட்ரோல் வண்டி வைத்திருக்கும் ஒருவரிடமும் நான் இப்படிக் கேட்டதில்லை. ஜி.எஸ்.டி. ரோட்டில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு புகைக்கு நடுவே நின்ற எத்தனையோ வண்டிகளைத் தாண்டிப் போயிருக்கிறேன். கண்ணாடியை இறக்கி, "என்ன சார், நடு ரோட்ல நின்னுட்டீங்களே" என்று ஒரு வார்த்தை கேட்க ஆசையாகத்தான் இருக்கும். போனால் போகட்டும் என்று விட்டுவிடுவேன்.

என்னுடையது கரண்ட் வண்டி, சார்ஜ் போட்டு ஓட்டும் கார். கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் அபார்ட்மெண்டுக்கு வந்த முதல் கரண்ட் வண்டி அதுதான். நான் நாவலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சர். அந்த வண்டி வருவதற்கு முன் பதினெட்டு வருடம் இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போனவள். தாம்பரத்திலிருந்து சோழிங்கநல்லூருக்கு ஒன்று, அங்கிருந்து நாவலூருக்கு இன்னொன்று. பஸ்ஸில் போவது ஒன்றும் கேவலமில்லை. ஆனால் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேடவாக்கத்தில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, விடைத்தாள் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பின்னால் நிற்பவனின் முழங்கையிலிருந்து நகர இடமில்லாமல் பதினெட்டு வருடம் வந்து பார்க்க வேண்டும். அப்புறம் பேசலாம்.

கார் ஓட்டத் தெரியாதா என்றால், லைசென்ஸ் இருந்தது. பீரோவில் இருந்தது. என் கணவர் அவருடைய பெட்ரோல் காரில் எனக்கு ஓட்டக் கற்றுத் தந்த ஞாயிற்றுக்கிழமைகளை நான் மறக்கவே மாட்டேன். "கிளட்ச்! கிளட்ச்!" என்று டாஷ்போர்டில் அடிப்பார். வண்டி துள்ளி நின்றுபோகும். பின்னால் ஹாரன் அடிப்பார்கள். அவர் கதவைத் திறந்து இறங்கி, சுற்றி வந்து, "தள்ளு" என்பார். நான் தள்ளி உட்காருவேன். அப்படித் தள்ளி உட்கார்ந்தே நாற்பத்தாறு வயதாகிவிட்டது.

கூட வேலை செய்யும் டீச்சர் ஒருத்தியின் கரண்ட் வண்டியைப் பள்ளி மைதானத்தில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. கிளட்ச் கிடையாது. கியர் கிடையாது. மிதித்தால் போகும், விட்டால் மெதுவாகும். இவ்வளவுதானா! இதற்காகவா என்னை இத்தனை வருடம் முட்டாள் என்றார்கள்? மைதானத்திலேயே அழுதேன். சந்தோஷத்தில் அல்ல, ஆத்திரத்தில்.

என் சம்பளத்தில்தான் வாங்கினேன். கணவருக்குப் பிடிக்கவில்லை. அவர் மறைமலை நகரில் சைலன்சர் தயாரிக்கும் கம்பெனியில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "சைலன்சர் இல்லாத வண்டியெல்லாம் ஒரு வண்டியா?" என்றார். வண்டி வந்த அன்று எங்கள் சபைப் போதகர் ஜெபிக்க வந்தார். எஞ்சின் மேல் கைவைத்து ஜெபிப்பது அவர் வழக்கம். பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "இதுல எதும்மா எஞ்சின்?" என்றார். எனக்கும் தெரியவில்லை. ஸ்டியரிங் மேல் கைவைத்து ஜெபித்துவிட்டுக் காபி குடித்துப் போனார். அடுத்த திங்கட்கிழமை நானே ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். யாரையும் கேட்காமல், யாருக்காகவும் காத்திராமல், கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பிப் போவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதை இனி யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

ஆனால் விட்டால்தானே! கார் நிறுத்தும் இடத்தில் ஒரு பதினைந்து ஆம்பியர் பிளக் பாயிண்ட் வைக்க வேண்டும். என் வீட்டு மீட்டரிலிருந்து, என் செலவில், என் இடத்தில். அதற்கு அசோசியேஷன் அனுமதிக் கடிதம் வேண்டுமாம். செயலாளர் கீழ்த்தளத்துக்காரர். எங்கள் அபார்ட்மெண்ட் நிற்பது முன்னாளில் அவர் குடும்பத்து நெல்வயல். விற்றுப் பணமாக்கி அதில் இரண்டு ஃபிளாட்டும் வாங்கிக்கொண்ட பிறகும், "எங்க நெலத்துல" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்.

"டீச்சர், நெருப்பு புடிச்சா யாரு பொறுப்பு?"

"சார், இங்க இருபது வண்டி நிக்குது. எல்லாத்துலயும் டாங்க் நிறைய பெட்ரோல் இருக்கு. அதுக்கு யார் பொறுப்பு?"

"அது வேற, இது வேற."

எப்படி வேறு என்று கடைசி வரை சொல்லவில்லை. எட்டு மாதம் இழுத்தடித்தார். அந்த எட்டு மாதமும் நான் ஊர் ஊராகப் போய் சார்ஜ் போட்டேன். அந்தக் கதையை நினைத்தாலே இப்போதும் எனக்குத் தலை சூடாகிறது. ஒரு இடத்தில் மிஷின் வேலை செய்யாது. ஒரு இடத்தில் வேலை செய்யும், ஆனால் அதற்கு முன்னால் ஒரு பெட்ரோல் வண்டியை நிறுத்திவிட்டு அதன் சொந்தக்காரர் பிரியாணி சாப்பிடப் போயிருப்பார். இன்னொரு இடத்தில் எல்லாம் சரியாக இருக்கும், ஆப் மட்டும் ஓடிபி அனுப்பாது. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு ஆப். சனிக்கிழமை மத்தியானம் வெயிலில் நின்றுகொண்டு ஒரு இயந்திரத்தைக் கெஞ்சியிருக்கிறேன். அடித்துமிருக்கிறேன்.

ஒருவழியாகக் கடிதம் வந்தது. பிளக் பாயிண்ட் வைத்தாயிற்று. ஏ.சி. போட்டு ஓட்டினால் என் வண்டி நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் வராது. அதனால் இரண்டு நாளைக்கு ஒரு முறை சாயங்காலம் வந்ததும் செருகிவிடுவேன், காலையில் நிறைந்திருக்கும். இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லை. மூன்றாம் வருட ஐப்பசி மழையில்தான் ஆரம்பித்தது.

ஒரு நாள் காலை இறங்கிப் பார்த்தால் பிளக் கழன்றிருக்கிறது. கேபிள் சுவரில் ஆணியில் சுருட்டி மாட்டியிருக்கிறது. வண்டியில் இருபத்தைந்து சதவீதம்தான் இருந்தது. போய்விட்டேன், திரும்பி வருவதற்குள் உயிர் போய்விட்டது. ஏ.சி. இல்லாமல், மழைக்குக் கண்ணாடியையும் திறக்காமல், வெந்து வந்து சேர்ந்தேன்.

"அதான் சொன்னேனே, இந்த வண்டிய நம்ப முடியாதுன்னு" என்றார் கணவர்.

பத்து நாள் கழித்து மறுபடியும் அதே மாதிரி. மறுபடியும் அவர், "வித்துட்டு ஒரு பெட்ரோல் வண்டி வாங்கிடலாம். நானே கொண்டுபோய் விட்டுட்டு வரேன்" என்றார். கொண்டுபோய் விடுவது என்றால் திரும்பவும் பக்கத்து சீட். திரும்பவும் "கிளம்பிட்டியா, இன்னும் எவ்ளோ நேரம்".

மூன்றாவது முறை எங்கள் பள்ளியில் அறிவியல் கண்காட்சி நடந்த நாள். ஆய்வகச் சாவி என் கைப்பையில். வண்டியில் பதினாறு சதவீதம். அதை நம்பி மழையில் எடுக்க முடியாது. ஆட்டோ கிடைக்க முக்கால் மணி நேரம் ஆனது. நான் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைகள் தெர்மாகோல் எரிமலையும் காற்றாலையும் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு பூட்டிய கதவுக்கு முன்னால் சாரலில் நின்றிருந்தார்கள். எரிமலையின் பெயிண்ட் கரைந்து ஒரு பிள்ளையின் சட்டை முழுக்கச் சிவப்பாக வழிந்திருந்தது. பிரின்சிபால் எல்லார் முன்னாலும், "கார்ல வர்றவங்களே லேட்டா வந்தா எப்படி?" என்றார். அன்றைக்கு எனக்குள் ஏறிய கோபம் இறங்கவே இல்லை.

யார் பிடுங்குகிறார்கள் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. வாட்ச்மேன்தான். அறுபதைத் தாண்டிய மனிதர். எங்கள் கேட்டில் ஆறு வருடமாக இருந்தார். போன மழையில் ஒரு நாள், "இத்த நிறுத்திடலாமாம்மா? கீழ தண்ணி நிக்குது" என்று என்னிடம் கேட்டிருக்கிறார். அவர் அந்தக் கேபிளைச் சுருட்டி ஆணியில் மாட்டுவதை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். செயலாளர் சொல்லிக் கொடுத்துத்தான் செய்கிறார் என்றும் முடிவு கட்டிவிட்டேன். ஆதாரங்களை வரிசையாக எழுதி முடிவுக்கு வருவது எப்படி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அசோசியேஷன் கூட்டம். கார் நிறுத்தும் இடத்திலேயே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். கணவர் என் பக்கத்தில். நான் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கரைந்த எரிமலை வரைக்கும் சொன்னேன். கேட்டருகே நின்றிருந்த வாட்ச்மேனைக் கைநீட்டி, "இவர்தான்" என்றேன்.

அவர் மெதுவாகக் கிட்டே வந்தார். "நான் தொடலம்மா. ஒயரு நனைஞ்சிடப் போவுதேன்னு எட்த்து ஆணில மாட்னேன். அத்தோட சரி. பிளக்க நான் தொடல."

"அப்ப பிளக் தானா கழண்டு நடந்து வந்துச்சா?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். அவர்கள் சிரித்தது எனக்குப் பிடித்திருந்தது. ஆமாம், பிடித்திருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? வாட்ச்மேன் என்னைப் பார்க்கவில்லை. என் கணவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பெண்பிள்ளை பேசுகிறாள், வீட்டு ஆம்பிளை தட்டிக் கேட்கட்டும் என்று எதிர்பார்க்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன். அதற்கும் சேர்த்து எனக்குக் கோபம் வந்தது. "அவரை எதுக்குப் பாக்குறீங்க? என்கிட்ட பேசுங்க" என்றேன்.

செயலாளருக்குத் தன் தலை உருளாமல் தப்பித்தால் போதும். "டீச்சர் படிச்சவங்க, பொய் சொல்ல மாட்டாங்க" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். மறுநாளே வேறு ஆள் வந்தாயிற்று.

அதற்குப் பிறகு பிளக் கழலவே இல்லை. டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி. ஒவ்வொரு காலையும் நூறு சதவீதம். பார்த்தாயா, நான் சொன்னது சரிதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வண்டியை எடுப்பேன். மழை நின்றுவிட்டது என்பது என் புத்திக்கு எட்டவில்லை.

மே மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சபை ஆராதனைக்குப் போய்விட்டு வந்து, மத்தியானம் வண்டியைச் செருகிவிட்டு மேலே வந்தேன். மூன்றரை மணி வாக்கில் வானம் கறுத்தது. பெரிதாக ஒரு இடி. துணி எடுக்க பால்கனிக்கு ஓடினேன். எங்கள் பால்கனியிலிருந்து பார்த்தால் கீழே என் வண்டியின் பின்பக்கமும் பிளக் பாயிண்ட்டும் தெரியும். குடையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் அதை நோக்கிப் போனார். சுவிட்சை அணைத்தார். பிளக்கைப் பிடுங்கினார். கேபிளைத் தரையிலேயே போட்டுவிட்டுத் திரும்பினார். குடை எங்கள் வீட்டுக் குடை.

கையில் ஈரத் துணியோடு வாசலில் நின்றேன். கணவர் லிஃப்டை விட்டு வெளியே வந்தார்.

"எங்க போயிட்டு வரீங்க?"

"இடி இடிக்குதில்ல? பிளக்கைப் புடுங்கிட்டு வரேன்."

எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்! எங்கள் வீடுகளில் முதல் இடி கேட்டதும் யாராவது ஒருவர் எழுந்து பிளக்குகளைப் பிடுங்கிப் போடுவார். முதலில் டிவி, பிறகு ஃபிரிட்ஜ், பிறகு செல்போன் சார்ஜர். என் அம்மா வீட்டிலும் அப்படித்தான். வகுப்பில் நானே பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் அது அவர் வேலை. முப்பது வருடமாகப் பார்க்கிறேன். ஆனால் அவர் கை கார் வரைக்கும் போகும் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை.

"ஐப்பசியிலயும் நீங்கதானா?"

அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"மூணு தடவையுமா?"

"இடி நின்னதும் திரும்பச் செருகணும்னுதான் இருந்தேன். தூங்கிட்டேன்."

"கூட்டத்துல என் பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க!"

"சொல்லத்தான் வந்தேன். அதுக்குள்ள நீ அந்தாள் மேல கைய நீட்டிட்ட. அத்தனை பேர் முன்னாடி என் பொண்டாட்டி சொல்றது தப்புன்னு நான் எப்படிச் சொல்வேன்? உன் மானம் என்ன ஆவறது?"

என் மானமாம். ஒரு கிழவனின் வேலையைப் பறித்து அதைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறார். எனக்கு அதைவிட வயிறு எரிந்தது வேறு ஒன்றுக்கு. மூன்று தடவையும் காபி டம்ளரோடு எதிரே உட்கார்ந்து, "இந்த வண்டிய நம்ப முடியாது" என்று சொன்னாரே. பிளக்கைப் பிடுங்கிய கை தன் கைதான் என்று தெரிந்துகொண்டே சொன்னாரே. இடிக்குப் பயந்துதான் செய்தாரா, வேறு காரணமும் இருந்ததா என்று கேட்டேன். "பைத்தியமா உனக்கு?" என்றார். இன்றைக்கு வரை எனக்குப் பதில் தெரியாது. அவருக்கே தெரியுமோ என்னவோ.

அன்று சாயங்காலமே செயலாளர் வீட்டுக் கதவைத் தட்டி, தப்பு எங்கள் மேல் என்று சொன்னேன். "விடுங்க டீச்சர், புது ஆளு நல்லாத்தான் இருக்கான். இதப் போயி பெருசு பண்ணிக்கினு" என்றார். வாட்ச்மேனைத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். ஒரு மணி நேரம் கழித்து, "சரி, வந்தா வரட்டும். ரெண்டாவது ஷிப்ட்டு குடுக்கலாம்" என்று இறங்கி வந்தார். வாட்ச்மேன் எங்கே இருக்கிறார் என்று இஸ்திரி போடும் அக்காவிடம் விசாரித்தேன். கூடுவாஞ்சேரியில், ரயில்வே லைன் தாண்டி ஒரு லேஅவுட்டில் கேட்டைப் பார்த்துக்கொள்கிறார் என்று சொன்னாள்.

அடுத்த சனிக்கிழமை கிளம்பும்போது கணவரையும் வரச் சொன்னேன். "நீ போய்ச் சொன்னா போதாதா? நான் வேற எதுக்கு?" என்று பேப்பரை விரித்துக்கொண்டார். அவர் வராமல் அந்த மனிதரின் முகத்தில் விழிக்கக் கூடாது என்று நான் உட்கார்ந்திருக்கலாம். எனக்குப் பொறுக்கவில்லை. தனியாகவே போனேன்.

வரிசையாக மஞ்சள் கற்கள் நட்ட மனைகள். பாதி கட்டிய நாலைந்து வீடுகள். கேட்டுக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட அறை. என் வண்டிக்குத்தான் சத்தமே கிடையாதே, கிட்டே போய் நிறுத்தும் வரை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்ததும் சட்டென்று எழுந்து நின்றார். அந்த எழுந்து நிற்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"உக்காருங்கண்ணா" என்றேன். ஆறு வருடத்தில் அவரை ஒரு நாளும் அண்ணா என்று கூப்பிட்டதில்லை. "நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். பிளக்கைப் புடுங்கினது எங்க வீட்டுக்காரர்தான். போன வாரம்தான் எனக்குத் தெரிஞ்சுது."

"தெரியும்மா" என்றார்.

"என்ன தெரியும்?"

"சார் புடுங்கசொல்ல பாத்துகினுதான் இருந்தேன். மூணு தபாவும். சாரு போட்டுட்டு போனப்பறம் ஒயரு நனைஞ்சிகினு கெடக்கும், நான்தான் எட்த்து மாட்னேன்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமேண்ணா! ஏன் சொல்லல?"

"சாரு அங்கதான குந்திகினு இருந்தாரு. அவரே சொல்வாருன்னு பாத்துனே இருந்தேன்."

அவர் குரலில் கோபமே இல்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். செயலாளரிடம் பேசிவிட்டேன், நாளைக்கே திரும்ப வந்துவிடலாம், யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள், அதற்கு நான் பொறுப்பு என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். அவர் என் வண்டியை ஒரு முறை பார்த்தார். அப்புறம் லேஅவுட்டுக்குள் அங்கங்கே நின்றிருந்த மற்ற வண்டிகளைப் பார்த்தார்.

"வேணாம்மா. இங்க அல்லாமே பெட்ரோல் வண்டிங்கோ. நிம்மதியா கீறேன்."